குடல் துண்டை அலசக் கூடாது

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் மகேஸ்வரி போன மாதம் போன் செய்தாள். குரலில் பாதி கோபம், பாதி சங்கடம்.

“அண்ணே, புதுசா ஒரு பிள்ள வேலைக்கு வந்திருக்கா. நல்லாப் படிச்ச பிள்ளதான். குடல் துண்டு சளியாக் கெடக்குன்னு குழாயில காட்டி அலசப் போயிட்டா. கையத் தட்டிவிட்டு, நீங்க எங்களத் திட்டுன மாதிரியே நானும் திட்டிட்டேன். ஏன் அலசக் கூடாதுன்னு கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்களும் எங்களுக்குச் சொன்னதில்லையே.”

உண்மைதான், சொன்னதில்லை. திட்டுவதற்கு ஒரு நிமிஷம் போதும். காரணம் சொல்ல உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு எங்கள் வேலையில் நேரமும் இருந்ததில்லை, எனக்குப் பொறுமையும் இருந்ததில்லை. “எழுதித் தாரேன், அந்தப் பிள்ளைய உக்கார வச்சு வாசிச்சுக் காட்டு” என்று சொல்லி வைத்தேன். வீட்டில் சும்மா இருப்பவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் திசு ஆய்வகத்தில் டெக்னீசியனாக என் வேலைக்காலம் முழுவதும் ஓடிவிட்டது. ரத்தம், சிறுநீர் பார்க்கும் லேப் எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது அதற்கு அடுத்த கதவு. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த எதுவும், அது முழுக் கர்ப்பப்பையோ, மூக்கில் வளர்ந்த சதையோ, அழுகாமல் இருக்கப் பார்மலின் ஊற்றிய பாட்டிலில் எங்களிடம் வந்து சேரும். டாக்டர் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவதற்கு முன்னால், அதைக் கண்ணாடியில் ஒட்டக்கூடிய அளவுக்கு மெல்லிசாக்கிச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. திருமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. படிப்பு முடித்து, பயிற்சி முடித்து, இந்த வேலையில் சேர்ந்தபோது, “பிணம் அறுக்கிற வேலையாடா?” என்று என் மாமா கேட்டார். இல்லை என்று பல தடவை விளக்கியும் அவர் கடைசிவரை நம்பவில்லை.

குடல் துண்டு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டியூப் விட்டுப் பார்க்கும்போது உள்ளேயிருந்து கிள்ளி எடுப்பது, அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதைத் தொலைந்துபோகாமல் வடிதாளில் மடித்து, முதலில் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில், பிறகு அதைவிடக் காரமான ஆல்கஹாலில் என்று படிப்படியாக ஈரத்தை எடுக்க வேண்டும். பிறகு ஆல்கஹாலை வெளியேற்றும் சைலீன். பிறகு உருகிய மெழுகு. பித்தளை அச்சில் மெழுகை ஊற்றி, நடுவில் துண்டை நிறுத்தி ஆறவிட்டால் ஒரு கட்டி கிடைக்கும். நிறுத்துவது என்று சும்மா சொல்லவில்லை. குடல் துண்டுக்கு மேல்புறம், கீழ்புறம் உண்டு. படுத்துவிட்டால் டாக்டர் பார்ப்பது மேலிருந்து பார்த்த தலைகள் மாதிரி இருக்கும், முகம் தெரியாது. கட்டியை மைக்ரோடோம் மெஷினில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் நாடா நாடாவாகச் சீவி வரும். வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடியால் ஏந்தி எடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு முட்டையின் வெள்ளைக்கரு. மாதா மாதம் ஆய்வகச் செலவில் முட்டை வாங்கியிருக்கிறேன். ஆபீசில் அதற்கு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

எங்கள் டாக்டர் லீலாபாய் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அவர் அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். வீடு முழுக்க அண்டாவும் சாயத் தண்ணியும்தான் என்று சொல்வார். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் வேகமாகப் பேசுவார், எனக்கு ஒரு வார்த்தை புரியாது. எங்களிடம் பேசும்போது மட்டும் வார்த்தை எண்ணித்தான் வரும். கோபம் வந்தாலும் சத்தம் வராது. நான் கொடுத்த ஸ்லைடு சரியில்லை என்றால் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது அந்த இடத்தில் புது ஸ்லைடு இருக்க வேண்டும். முதல் வருஷம் என் மேசையில் கவிழ்ந்த ஸ்லைடுகளை அடுக்கினால் ஒரு சுவரே கட்டியிருக்கலாம்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. எந்த ஸ்லைடையும் மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன்னால் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெறுங்கண்ணால் பார்ப்பார். ஜவுளிக்கடையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி. சாயம் ஒரே சீராக ஏறியிருக்கிறதா என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். திட்டுத் திட்டாக இருந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்.

“அலசுனதா?”

சுங்குடிக்கு எடுக்கிற துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். அதை ஊறவைத்து, அலசி, கஞ்சி முழுக்கப் போன பிறகுதான் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்க வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் பிடிக்காது. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர் திசுவுக்கும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தார். ரத்தம் ஒட்டியிருந்தால் அலசு. சளி ஒட்டியிருந்தால் அலசு. குடல் துண்டில் எப்போதும் ஒரு வழவழப்பு கோழை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதில் சாயம் திரண்டு ஸ்லைடே அசிங்கமாகிவிடும். அதனால் டியூப் விடுகிற அறைக்கே சொல்லிவிட்டார், துண்டை எடுத்ததும் சலைன் என்கிற உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் ஒற்றி எடுத்துப் பாட்டிலில் போடு என்று. அங்கிருந்த ரோஸி சிஸ்டர் சுத்தத்தில் இவருக்கு அக்கா. இரண்டு தடவை அலசுவார். வழவழப்போடு ஏதாவது பாட்டில் தப்பி வந்தால் திருப்பி அனுப்ப எனக்கு உத்தரவு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஸ்லைடுகள் பார்க்க அத்தனை அழகாக இருந்தன. வெளியூரிலிருந்து வரும் டாக்டர்கள் எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கும் கர்வம்தான்.

இனி செல்லப்பாண்டிக்கு வருகிறேன். நான் தினமும் திருமங்கலத்திலிருந்து ஏறும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர். தொண்ணூறுகளின் நடுவில் அந்த பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அந்தக் கூட்டத்துக்குள் முன்னாலும் பின்னாலும் மீன் மாதிரி போய்வருவார். நான் ஏறினால், “அண்ணே வாராரு, மருந்து வாடை வருது, தள்ளிக்கங்கப்பா” என்று சத்தமாகச் சொல்லி எனக்கு நிற்க இடம் வாங்கிக் கொடுப்பார். பார்மலின் வாடை அப்படி ஒட்டிக்கொள்ளும், என் பெண்டாட்டியே எட்டித்தான் உட்காருவாள்.

ஒரு கட்டத்தில் செல்லப்பாண்டி வண்டியில் இல்லை. விசாரித்தபோது வயிற்றுப்போக்கு, ரத்தமும் சளியுமாகப் போகிறது என்றார் டிரைவர். சீதபேதி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை போட்டிருக்கிறார். நின்றதும் வண்டி ஏறிவிட்டார். மறுபடி வந்ததும் மறுபடி இரண்டு நாள் மாத்திரை. இப்படியே இழுத்துக்கொண்டு, ஆள் பாதியாகி, கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். மலத்தைப் பரிசோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் பிடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, வரிசையில் நின்று கொடுத்தது அது. சீதபேதியை உண்டாக்கும் அமீபா இருந்திருந்தாலும் அதற்குள் செத்துக் கரைந்திருக்கும்.

குடல் டாக்டர் டியூப் விட்டுப் பார்த்தார். பெருங்குடலில் புண். துண்டுகள் எடுத்தார்கள், ரோஸி சிஸ்டர் அலசினார், எனக்கு வந்தது. நல்ல துண்டுகள், நன்றாகவே நின்றன. ஜன்னலில் தூக்கிப் பார்த்த லீலாபாய் டாக்டர் தலையை ஆட்டினார், அவரிடம் அதுதான் பாராட்டு. புண் இருக்கிறது, அழற்சி இருக்கிறது, கிருமியோ அமீபாவோ தென்படவில்லை என்று ரிப்போர்ட் போனது.

ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோய்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெருங்குடலில் புண் வருவதற்கு ஒரு காரணம் அமீபா, அது வெளியிலிருந்து வரும் எதிரி. இன்னொரு நோயில் வெளி எதிரி யாரும் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குடலின் மேல் பாய்கிறது. டியூபில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். வைத்தியம்தான் நேர் எதிர். இரண்டாவதற்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். அமீபா இருக்கிறவனுக்கு அதைக் கொடுத்தால் திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது காவல்காரனைத் தூங்கவைத்த கதைதான். அமீபா இல்லை என்ற எங்கள் ரிப்போர்ட்டை நம்பி, செல்லப்பாண்டிக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள்.

முதலில் தெம்பாகத்தான் இருந்தார். அப்புறம் காய்ச்சல் வந்தது, வயிறு உப்பியது, ரத்தம் கூடியது. நான் வார்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் உள்ளே போய், ஆளே மாறியிருந்தார் செல்லப்பாண்டி. பெருங்குடல் வெடிக்கிற மாதிரி இருக்கிறது, அதற்கு முன்னால் முழுவதையும் எடுத்துவிட வேண்டும், வயிற்றில் ஒரு ஓட்டை போட்டுப் பை மாட்டிவிடுவோம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை ஆபரேஷன்.

“அண்ணே, தோள்ல ஒரு பை. இனிமே வயித்துல ஒரு பை. அந்தக் கூட்டத்துல எவனாச்சும் முழங்கையால ஒரு இடி இடிச்சாப் போதும்ணே. அதுக்கப்புறம் அந்த வண்டியில நான் எப்பிடி நிப்பேன்?”

“உசுரு முக்கியம்ல” என்றேன். வேறு என்ன சொல்ல.

“உசுரு இருந்து டிப்போவுல கணக்கு எழுதவா? நமக்கு அம்புட்டு எழுத்து வராதுண்ணே.”

அவர் மனைவி விசிறுவதை நிறுத்தவில்லை. தினம் பார்க்கிற ஆள் பாட்டிலில் துண்டாக வருவது வேறு மாதிரி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தபோது குடல் டாக்டர் போனில் எங்கள் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். அறுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஸ்லைடைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். வழக்கமாக வேகமாக நகர்த்திக்கொண்டே போகிறவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நகரவே இல்லை. காப்பி வந்தது, ஆடை கட்டியது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

“தவமணி, இங்க வாங்க. என்ன தெரியுது?”

பார்த்தேன். குடலின் உள்புறத் தோலில் வரிசையாகச் செல்கள். நடுநடுவே கோப்பை மாதிரி வடிவில் சில செல்கள். குடலின் வழவழப்பைச் சுரப்பவை அவைதான்.

“கோப்பையெல்லாம் நெறஞ்சிருக்கு” என்றேன்.

“ஆமா. எதிர்ப்புச் சக்தி தன் மேலயே பாயுற நோயா இருந்தா இதெல்லாம் காலியாக் கெடக்கணும். புண்ணுக்குப் பக்கத்துலயே இப்பிடித் ததும்பத் ததும்ப நிக்குது. இம்புட்டு சுரக்குறவன் வீட்டு வாசல்ல ஒரு சொட்டு வழவழப்பு இல்ல பாத்தீங்களா? மேல துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். யார் துடைத்தது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அமீபா குடல் சதைக்குள் ஆழத்தில் எப்போதும் அகப்படும் என்று சொல்ல முடியாது. புண்ணின் மேல் படிந்த சளியிலும் சிதைவிலும்தான் முக்கால்வாசி இருக்கும். அதைத்தான் சலைனில் அலசிச் சாக்கடையில் ஊற்றியிருந்தோம்.

பிறகு அவர் செய்ததெல்லாம் வேகம். குடல் டாக்டரிடம் பேசினார். உப்பின வயிற்றில் முழு டியூப் விடுவது ஆபத்து, அதனால் ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே வரை மட்டும் சின்னக் குழாய் விட்டு எடுக்கலாம் என்று முடிவானது. பாட்டில் அனுப்பிக் காத்திருக்கிற டாக்டர் இல்லை அன்றைக்கு அவர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே அந்த அறைக்குப் போனார். ஸ்லைடுக் கண்ணாடிகளோடு நான் பின்னால் போனேன்.

புண்ணின் ஓரத்திலிருந்து சளியைச் சுரண்டி, ஒரு துண்டும் எடுத்தார்கள். பழக்க தோஷத்தில் ரோஸி சிஸ்டர் சலைன் கிண்ணத்தை நீட்டினார். டாக்டர் அந்தக் கிண்ணத்தை வாங்கி, ஓரமாக வைத்தார்.

“இனிமே இது வேணாம் சிஸ்டர். நான் சொன்னது தப்பு.”

சளியை ஒரு ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி போட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு வராந்தாவில் நடந்தார். சூடு ஆறினால் அமீபா நகராமல் சுருண்டுகொள்ளும். வைகாசி மாதம், மதியம், மின்விசிறி மட்டும் இருந்த ஆய்வகம். “கவலப்படாதீங்கம்மா, நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு வேர்த்துக் கொட்டும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் பயத்தில்தான் சொன்னேன்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துச் சிறிது நேரம் திருகினார். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். கண்ணாடி மாதிரித் தெளிவாக ஒன்று, ஒரு பக்கமாக விரல் நீட்டுவதுபோல நீட்டி, அந்த விரலுக்குள்ளேயே தன்னை ஊற்றிக்கொண்டு நகர்ந்தது. அதன் வயிற்றுக்குள் செல்லப்பாண்டியின் சிவப்பணுக்கள் கிடந்தன. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. எத்தனையோ வருஷம் திசு பார்த்திருக்கிறேன், எல்லாம் மெழுகில் செத்தவை. உயிரோடு ஒன்று ஆளைத் தின்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டர் போனை எடுத்தார். “அமீபா. ஓடுது. ரத்தம் தின்னுருக்கு. ஸ்டீராய்ட நிறுத்துற வழியப் பாருங்க. கத்திய வைக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். அதே சளியை, அலசாத துண்டோடு சேர்த்து, நான் மெழுகில் ஏற்றி மறுநாள் வேறு சாயம் கொடுத்தேன். அமீபாவெல்லாம் பீட்ரூட் நிறத்தில் வழவழப்புக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஸ்லைடு பார்க்கப் படு அசிங்கமாக இருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைக்கவில்லை.

ஆனால் சிக்கல் அத்தோடு தீரவில்லை. அமீபாவுக்கான மருந்து ஏறும் வரை குடல் தாங்க வேண்டுமே. சர்ஜன் காத்திருக்க ஒப்புக்கொண்டாலும் தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். லீலாபாய் டாக்டரும் தினமும் வார்டுக்குப் போனார். திசு டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம், எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் போனேன். வயிறு கல் மாதிரி இருந்த நாட்களில் இருவரும் நேரே ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவோம். ஒரு நாள் காலையில் அவர் மனைவி வாசலிலேயே எங்களைப் பார்த்து, “இட்லி கேட்டாரும்மா” என்றார். டாக்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் டாக்டர் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

“செல்லப்பாண்டி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மொதல்ல எடுத்த துண்டுல இந்தக் கிருமிய நாங்க பாக்காம விட்டதுக்குக் காரணம் நான். சுத்தமா இருக்கணும்னு எல்லாத்தையும் அலசச் சொல்லிருந்தேன். கிருமி அலசுன தண்ணியில போயிருச்சு. அதனாலதான் ஒங்களுக்குத் தப்பான மருந்து வந்தது.”

ஆஸ்பத்திரியில் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

“அப்ப எல்லாரையும் எறக்கி விட்டுட்டு டிக்கெட் கேட்டுருக்கீங்க” என்றார் செல்லப்பாண்டி. “செக்கிங் அப்பிடிப் பண்ணக் கூடாதும்மா. ஓடுற வண்டியில ஏறணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அவர் மனைவியும் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. “ஆமா” என்றார். வெளியே வந்ததும் என்னிடம், “இவருக்கு முன்னாடி எறங்கிப் போனவங்க?” என்று கேட்டார்.

அடுத்த வாரம் முதல், அந்தச் சட்டம் இருந்த காலத்துப் பெருங்குடல் ஸ்லைடுகளையெல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பெரும்பாலானவற்றில் கோப்பைச் செல்கள் காலி. அவையெல்லாம் நாங்கள் எழுதினபடி அந்த நோயேதான். ஆனால் சிலவற்றில் கோப்பைகள் நிறைந்திருந்தன, மேல்புறம் வெறிச்சென்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அந்தச் சிலதை ஒரு தட்டில் தனியாக எடுத்து வைத்தார். மெழுகுக் கட்டியைப் புதிதாகச் சீவிப் பார்த்தோம். இல்லாத வழவழப்பு சீவினால் வருமா? விலாசம் இருந்தவர்களை விசாரித்தோம். வண்டியூரில் ஒருவர் திடமாக இருந்தார், எங்களை யாரென்று கேட்டார். இன்னொருவர் இறந்திருந்தார், எதனால் என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் குடல் துண்டை அலசுவதில்லை. ரோஸி சிஸ்டருக்கு அது ஒரு தண்டனை. வழவழப்போடு பாட்டிலை மூடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரண்டாயிரம் தாண்டிச் சில வருஷங்களில், லீலாபாய் டாக்டர் ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, குடலின் இந்த வழவழப்பைப் பற்றி உலகமெங்கும் எழுத ஆரம்பித்தார்கள். பார்மலினிலேயே அது சுருங்கிப் போய்விடுகிறது, ஆல்கஹாலும் குளோரோஃபார்மும் அசிட்டிக் அமிலமும் கலந்து அதில் போட்டால் அப்படியே நிற்கும் என்று படித்துவிட்டு என்னிடம் வந்தார். புற்றுநோய்க்காக வெட்டி எடுத்த ஒரு பெருங்குடலில், கட்டிக்குத் தள்ளி நல்லதாக இருந்த பகுதியை, உள்ளே இருந்த மலத்தோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நறுக்கினேன். நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

சாயம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் மலத்தில் புள்ளி புள்ளியாக லட்சக்கணக்கில் கிருமிகள். இன்னொரு பக்கம் குடலின் தோல். நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை, அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. வரப்பு போட்ட மாதிரி நீளத்துக்கும் ஓடியது.

“பாத்தீங்களா, சண்டையே இல்ல” என்றார் டாக்டர். “குடலுக்குள்ள இம்புட்டு கிருமியையும் கொல்லணும்னா நாம ஒரு நாள் உயிரோட இருக்க முடியாது. கொல்றதில்ல, தள்ளி வைக்குது. இந்த வழவழப்பு, அதுக்குள்ள கிருமிக்கு ஆகாத கொஞ்சம் புரதம், அவ்வளவுதான். கிருமியோட வாடை தோலுக்குத் தெரியும், மோந்து பாக்குறதுக்கே செல்லுல ஆள் இருக்கு. கிட்ட வந்தா இன்னும் சுரக்கும். அப்பவும் மீறி வந்தாத்தான் மத்த படையெல்லாம். இதெல்லாம் தடுப்பூசி போட்டு வந்த புத்தி இல்ல, பொறக்கும்போதே கூட வந்த காவல். அமீபாகிட்ட இந்த வழவழப்பக் கரைக்கிற சாறு இருக்கு. அதான் செல்லப்பாண்டிக்கு ஆனது. அது கரைச்ச வழியில, அதுவரைக்கும் சும்மா இருந்த நம்ம கிருமியெல்லாம் பின்னாடியே உள்ள வந்துருக்கும்.”

இப்போது டி.வி.யில் டப்பாவில் அடைத்து நல்ல கிருமி விற்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். கிருமி நல்லதா கெட்டதா என்பதைவிட அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் முக்கியம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அன்றைக்கு டாக்டர் அந்த ஸ்லைடை ஜன்னலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“எங்க தெருவுல ஒரே நூலுக்கு ரெண்டு தொழில்காரங்க, தவமணி. நெசவு போடுறவங்க பாவு நூலுக்குக் கஞ்சி போடுவாங்க. கஞ்சி இல்லேன்னா தறியில உரசி நூல் அறுந்துபோகும். துணியாகி எங்க அப்பாகிட்ட வந்தா அதே கஞ்சி அழுக்கு, மொதல்ல அதைத்தான் கழுவுவாரு. நான் சாயக்காரர் வீட்டுப் பொண்ணாவே இருந்துட்டேன்.”

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தட்டை எடுத்தார். அன்றைக்குத் தனியாக எடுத்து வைத்த அந்தச் சில ஸ்லைடுகள். அத்தனை வருஷமும் அவர் கால்மாட்டிலேயே இருந்திருக்கின்றன. எனக்கே தெரியாது.

“ரேக்குல வச்சிருங்க. இதுல பாக்குறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. இவங்கள எந்த ஸ்டாப்புல எறக்கி விட்டோம்னு தெரியாமலே நான் ரிட்டயர் ஆகப் போறேன்.”

செல்லப்பாண்டி தன் சர்வீஸ் முழுக்க அந்த பஸ்ஸிலேயே, ஒரே பையோடு நின்றார். மருந்து வாடை என்று என்னை ஏலம் போடுவதையும் நிறுத்தவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். உடனேயே அந்தத் தட்டும் ஞாபகத்துக்கு வரும். இரண்டும் சேர்ந்தேதான் வரும், பிரிக்க முடிந்ததில்லை.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். புதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிவிட்டு மகேஸ்வரி மறுபடி போன் செய்தாள். பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் குரலும் கேட்டது.

“அண்ணே, அந்தத் தட்டுல இருந்தவங்களுக்கு என்னதான் நோய்னு கேக்குறா.”

“அலசிட்டோம்னு சொல்லு” என்றேன்.